அஞ்சாவது கோடு

தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கிய எந்தப் பொருளும் டாலி அண்ணன் எண்ணாமல் வெளியே போனதில்லை. பொருளோடு நிறுத்திக்கொண்டாரா என்றால், இல்லை. பரோட்டாவின் அடுக்குகளை எண்ணுவார். எங்கள் மேனேஜர் தொடர்ந்து போடும் தும்மல்களை எண்ணுவார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் எப்படி இருந்தது என்று கேட்டால், "சாமியார் ஏழு மடக்கு தண்ணி குடிச்சாரு" என்பார். ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறு யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை.

கப்பலிலிருந்து கிரேன் இறக்கும் சுமைகளைப் பக்கத்தில் நின்று எண்ணிக் குறிக்கிற வேலைக்கு டாலி என்று பெயர். அதைச் செய்கிற ஆளும் டாலிதான். அட்டை, தாள், பென்சில். ஒரு சுமை இறங்கினால் ஒரு கோடு. நான்கு கோடுகள் நிமிர்ந்து நின்றதும் ஐந்தாவதை அவற்றின் குறுக்கே இழுத்தால் ஒரு கட்டு முடிந்தது. பன்னிரண்டு வருடம் வெயிலில் நின்று அவர் இழுத்த குறுக்குக் கோடுகளை ஒட்டிவைத்தால் கொழும்புக்குப் பாலம் போட்டுவிடலாம்.

அவர் வேலை பார்த்த கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் கன்டெய்னர் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள் என்பதால் பிரிண்டர், ஏசி, ஒரு முறை மேனேஜரின் காது மிஷின், எல்லாம் என் மேசைக்கு வரும். ஒரு நாள் மதியம் பழைய கைலிச் சாரம் ஒன்றில் சுற்றிய பெட்டியோடு டாலி அண்ணன் வந்தார். பிரித்தால் டி.ஜே. கன்ட்ரோலர். இரண்டு சுழல் தட்டு, எக்கச்சக்கமான திருகு. அவருடைய மாமா மகன் கப்பல் வேலைக்குத் திரும்பும்போது வீட்டில் விட்டுப்போனது.

"எஞ்சினியரு, இதுல எதைத் தொட்டா எது கத்தும்னு பாத்துச் சொல்லுளா."

"எதுக்குண்ணே?"

"மெர்சி கல்யாண ரிசப்ஷனுக்கு நாந்தான் பாட்டு போடப்போறேன்."

மெர்சி அவருடைய ஒரே தங்கை. கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருந்தது.

"உங்களுக்குப் போடத் தெரியுமா?"

"எண்ணத் தெரியுமுல்லா? அது போதும்னு வீடியோல சொல்லுதான்."

வீடியோவில் வந்த ஆள் சொன்னது உண்மைதான். ஆட்டப் பாட்டுகள் நான்கு நான்கு அடியாக ஓடும். எட்டு நான்கு சேர்ந்தால் முப்பத்திரண்டு. அந்த முப்பத்திரண்டின் முடிவில்தான் பாட்டு ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குத் திரும்பும். புதுப் பாட்டை நுழைக்க வேண்டிய இடம் அதுவே. தப்பினால் இரண்டு பாட்டும் ஒன்றின் காலை ஒன்று மிதிக்கும்.

பகுதிகளின் ஆங்கிலப் பெயர்கள் அவர் வாயில் நிற்கவில்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் துறைமுகத்துக்கு மாற்றிவிட்டார். பாட்டின் ஆரம்பம், கப்பலின் மூடி திறப்பது. தாளம் மெல்ல ஏறும் பகுதி, கிரேன் தூக்குவது. ஏறி ஏறி எல்லாம் சேர்ந்து விழுகிற இடம், சுமை லாரியில் 'தொம்'மென்று இறங்குவது. நடுவில் தாளம் அடங்கினால் டீ டைம். நான் பிறகு எத்தனையோ விளக்கங்களைப் படித்துவிட்டேன். இதைவிடத் தெளிவான ஒன்று கிடைக்கவில்லை.

மதிய இடைவேளையில் மொட்டை மாடியில் பயிற்சி. நிலக்கரித் தூசி படிந்த தண்ணீர்த் தொட்டியின் மேல் கன்ட்ரோலர். பாதுகாப்பு ஹெல்மெட்டைக் கழற்ற மனமில்லாமல் அதன் மேலேயே ஹெட்போன். பாட்டு ஓடும். அண்ணன் எண்ணுவார். எண்ணி முடித்து அடுத்த பாட்டை அவிழ்த்துவிடும்போது, முதல் பாட்டுக்காரர் பாட ஆரம்பித்திருப்பார். இருவரும் சேர்ந்து கத்துவார்கள். கீழே இருந்து மேனேஜர் மூன்றாவதாகக் கத்துவார்.

"எட்டுக் கட்டு எண்ணித்தாம்ளா விட்டேன்!"

"லேட்டாகுதுண்ணே."

"மெஷின் கோளாறு."

நான் முறைப்படி பட்டியல் போட்டேன். ஒன்று, லேப்டாப் தாமதம். இரண்டு, ஹெட்போன் வயர். மூன்று, பாட்டு ஃபைல். நான்கு, அண்ணன் காது. ஒவ்வொன்றாகச் சோதித்துப் பட்டியலிலிருந்து அடித்தேன். மூன்று நாள் ஆயிற்று. காதுக்கு மட்டும் இரண்டு சோதனை வைத்தேன். அவர் இரண்டிலும் தேறி, மேனேஜர் கீழே என்ன திட்டுகிறார் என்பதையும் சேர்த்துச் சொன்னார். நான்காவது நாள்தான் அவருடைய வலது கையைப் பார்த்தேன்.

பென்சில் ஓடிக்கொண்டிருந்தது. எழுதாத கணக்கு கணக்கே இல்லை என்பது அவர் கட்சி. வாய் 'ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு' என்றது. அடுத்த அடிக்குக் கை குறுக்குக் கோடு இழுத்தது. அதன் பிறகுதான் வாய் மறுபடி 'ஒண்ணு' என்றது. அவருடைய எட்டுக் கட்டில் முப்பத்திரண்டு அடி இல்லை, நாற்பது!

"அண்ணே, அந்த அஞ்சாவது கோடு போடாதீங்க."

"போடாம எப்படிளா கட்டு முடியும்?"

பென்சிலைப் பிடுங்கினேன். கால் பெருவிரலால் தொட்டியில் கோடு போட்டார். நாலாவதோடு நிறுத்தச் சொன்னால், சட்டைப் பொத்தான் போடாத ஆள்போல நெளிந்தார். கடைசியில் அலுவலக முறைக்கே வந்தேன். கட்டம் போட்ட ஒரு படிவம் அடித்தேன். ஒரு வரிக்கு நான்கு கட்டம், மொத்தம் எட்டு வரி. குறுக்குக் கோடு இழுக்க இடமே கிடையாது. அச்சடித்த படிவத்துக்கு அண்ணன் காட்டும் மரியாதை அலாதி. ஒவ்வொரு கட்டமாக நிரப்பி, சரியாக முப்பத்திரண்டில் நிறுத்தினார். கீழே 'சரிபார்த்தவர்' என்று என்னிடம் கையெழுத்தும் வாங்கினார்.

அதன்பின் பாட்டுகளுக்குத்தான் கெட்ட காலம். சினிமாப் பாட்டு எல்லாம் நான்கில் அடங்குமா? சரணத்துக்கு முன்னால் இரண்டு அடி கூட வரும், சில இடத்தில் குறையும். அண்ணன் விடவில்லை. குறிப்புப் பகுதியில் 'நாலு அடி ஷார்ட்டேஜ்', 'ரெண்டு கூடுதல்' என்று எழுதினார். ஒரு குத்துப் பாட்டு மூன்று மூன்றாக ஓடியது. அதற்கு எதிரே 'சேதாரம்' என்று எழுதித் தள்ளிவைத்தார்.

கன்ட்ரோலரில் லூப் என்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் அதே நான்கு அடி, விடுவிக்கும்வரை சுற்றிச் சுற்றி ஓடும். அதைத் தொடவே மறுத்தார்.

"எறக்குன மூட்டையவே திரும்பத் திரும்ப எறக்குததா? கள்ளக் கணக்குளா அது."

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கையில் மெர்சி அழைப்பிதழ் கொடுக்க அலுவலகம் வந்தாள். என்னைப் படிக்கட்டுக்கு இழுத்துப்போனாள்.

"அக்கா, மாப்பிள்ளை வீட்டுல பூரா கப்பல்காரங்க. ஊரு ஊரா பாட்டு கேட்டவங்க. அண்ணன் சொதப்பிச்சின்னா ஆயுசுக்கும் சொல்லிச் சிரிப்பாங்க. திருநெல்வேலியில ஒரு டி.ஜே. பேசியாச்சு. இதை எங்க அண்ணங்கிட்ட யாரு சொல்லுறது?"

நான்தான் சொன்னேன். அண்ணன் வெகுநேரம் திருகு ஒன்றைத் துடைத்தார்.

"அவ ஏழாப்பு படிக்கையில ஆண்டு விழாவுல ஆடுனா. நடுவுல கேசட்டு நின்னுபோச்சு. கைய தூக்குனபடியே நிக்கா. பள்ளிக்கூடமே சிரிக்குது. வீட்டுக்குக் கூட்டிட்டு வரும்போது சொன்னேன், ஒன் கல்யாணத்துக்கு நான் போடுதேன், பாட்டு நிக்காதுன்னு. அவளுக்கு மறந்திருக்கும்."

அதை அப்படியே மெர்சியிடம் போய்ச் சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "என்ட்ரிக்கு மட்டும் அண்ணன் போடட்டும்" என்றாள். மண்டப வாசலிலிருந்து மேடைவரை மாப்பிள்ளையும் பெண்ணும் நடக்க முப்பத்திரண்டு தாள அடி. மேடையேறித் திரும்பும்போது சுமை 'தொம்'மென்று விழ வேண்டும். தப்பினால் திருநெல்வேலிக்காரர் உடனே எடுத்துக்கொள்வார்.

சாயங்காலம் ஆறரை மணி. மாதா கோவிலை ஒட்டிய மண்டபம். கோட்டுப் போட்ட டாலி அண்ணன், முன்னால் படிவம், பக்கத்தில் நான். பின்னால் திருநெல்வேலி டி.ஜே. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கப்பல்காரர்கள் வரிசையாகச் செல்போனைத் தூக்கினார்கள். கதவு திறந்தது. தாளம் ஏறியது. ஒரு வரி, இரண்டு வரி, மூன்று வரி.

நான்காவது வரியில் யாரோ விருந்தினருக்காக மின்விசிறியைத் திருப்பிவிட்டார்கள். படிவம் பறந்து கேக் மேசைக்கு அடியில் போயிற்று.

அண்ணன் பென்சிலைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நான் விரல் விட்டு எண்ணிக் காட்டத் தொடங்கினேன். அதற்குள் பூ தூவும் குட்டிப் பெண் மெர்சியின் கவுன் வாலை மிதித்தது. மெர்சி பாதி வழியில் நின்றுவிட்டாள். தாளம் நிற்காமல் ஏறுகிறது. ஆறாவது வரி. ஏழாவது. அவள் குனிந்து துணியை இழுக்கிறாள், வரவில்லை. நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். கூட்டத்தில் ஒருவர் சிரிக்கத் தொடங்கினார்.

"விடுங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்று திருநெல்வேலிக்காரர் கையை நீட்டினார்.

"தொட்டே... கைய ஒடிச்சிருவேம்ல!"

டாலி அண்ணன் பென்சிலைக் கீழே போட்டார். ஹெட்போனைக் கழற்றினார். லூப் பொத்தானை அழுத்தினார்.

நான்கு அடி சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது. கூட்டம் அதற்குக் கைதட்டத் தொடங்கியது. வேண்டுமென்றே செய்கிறார் என்று கப்பல்காரர்கள் விசிலடித்தார்கள். குட்டிப் பெண்ணை யாரோ தூக்கினார்கள். மெர்சி கவுனை அள்ளிக்கொண்டு நடந்தாள். அண்ணனின் கண் அவள் காலை விட்டு நகரவில்லை. அவள் மேடையேறினாள், திரும்பினாள். அவர் பொத்தானை விட்டார்.

'தொம்.'

மண்டபமே குதித்தது. திருநெல்வேலிக்காரர் கையைப் பிரித்துத் தட்டினார். மெர்சி மேடையிலிருந்து, பக்கத்தில் மாப்பிள்ளை நிற்கும்போதே, அண்ணன் பக்கம் பார்த்து இரண்டு கையையும் தூக்கினாள். அண்ணன் அதைப் பார்க்கவில்லை. திருகுகள்மேல் குனிந்து, கோட்டின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மொட்டை மாடியில் நான் அதைச் சொன்னேன். "நெசமாவாளா? ரெண்டு கையையுமா?" என்றார். அடுத்த வாரம் முழுக்க, சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் முன்னால் அதையே கேட்டார். நானும் ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வதுபோலவே சொன்னேன்.