செத்த பற்றறியும் செபமாலையின் இருபத்திரண்டு பேரும்

குருநகர்,
யாழ்ப்பாணம்.
31.3.1993

கனடாவின் பனிமலைகளைத் தன் பெருமூச்சால் உருக்கிக்கொண்டிருக்கும் அருமை மருமகன் கனிசியஸுக்கு,

உமது தாய்மாமனும், நீர் விட்டுப்போன ஜப்பான் பிக்கப் வண்டியின் பதில் அதிபதியும், குருநகர்க் கடற்கரையின் முடிசூடா ஆலோசகருமாகிய அருட்பிரகாசம் ஆயிரம் ஆசீர்வாதங்களோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், உமது அம்மா, கோழிகள் பதினொன்று, எல்லோரும் சுகம். பன்னிரண்டாவது கோழியின் சுகம் கடிதத்தின் கடைசியில் இருக்கிறது. உமது தங்கச்சி றோஸின் கலியாணம் நடந்ததா இல்லையா என்பதும் அங்கேதான் இருக்கிறது. இப்போதே பக்கத்தைப் புரட்டினால் மாமனைக் கொன்ற பாவம் உம்மைச் சேரும்.

விபூதிப் புதன் வந்தால் உயிர்த்த ஞாயிறு வரை கோயிலில் கலியாணம் இல்லை என்பது உமக்குத் தெரியும். அதற்கு முந்தின திங்கட்கிழமை பத்து மணிப் பூசையில், றோஸுக்கும் பருத்தித்துறை முனைச் சூசைதாசனுக்கும் தாலி என்று சுவாமியார் நாள் குறித்திருந்தார். ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போன கலியாணம். முதல்முறை குண்டுவீச்சு. இரண்டாம் முறை மாப்பிள்ளையின் பெரியப்பா, நாள் பார்த்துக் கண்ணை மூடினார். “மூண்டாம் முறையும் தள்ளினால் மோதிரத்தைத் திருப்பி அனுப்பிப்போடுவன். என்ரை பிள்ளை என்ன, உங்கடை வாசலிலை நங்கூரம் போட்ட வள்ளமே?” என்று மாப்பிள்ளையின் தாய் கத்தரீனா சொல்லி அனுப்பியிருந்தா. மாப்பிள்ளையைக் கூட்டிவருவது பெண் வீட்டார் பொறுப்பு. சைக்கிளில் கூட்டிவரலாம் என்று உமது அம்மா சொன்னா. நான்தான் இரண்டு வீட்டாரும் கூடின சபையில் எழும்பி நின்று, “சைக்கிளோ? எங்கடை பிக்கப்பிலை உங்கடை மகன் ராசா மாதிரி வருவார், சம்பந்தி!” என்று முழங்கிவிட்டேன். அந்த முழக்கத்தில் எழும்பிப் பறந்த மண்டைதீவுக் கொக்குகள் இன்னும் திரும்பி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, சும்மா ஒருக்கால் பார்ப்போம் என்று ஏறி இருந்து திறப்பைத் திருப்பினேன். “டிக்.” அவ்வளவுதான். இன்னொருமுறை திருப்பினேன். “டிக்.” உலகத்தில் இதைவிடச் சின்னச் சத்தம் கிடையாது, மருமகன், ஆனால் என் தலையில் ஆலயமணி அடித்தது போல இருந்தது. பற்றறி செத்துவிட்டது! நீர் போன நாளிலிருந்து அந்தப் பற்றறியை நான் விரலாலும் தொட்டதில்லை, செபஸ்தியார் சாட்சி. புதிசு வாங்கலாமே என்று அங்கிருந்து கேட்பீர். இங்கே ரோச் லைற்றுக்குப் போடுகிற பற்றறிக்கே தடை. விரல் தடிப்பில் ஒன்றைக் கண்டால் சனம் கூடி நின்று பார்க்கும், பிக்கப் பற்றறியைக் கண்டால் முழந்தாளில் நிற்கும். சந்தியில் நிற்கிற கிழட்டு ஒஸ்ரின் கார் என்றால் மூக்கில் இரும்புக் கம்பியைச் செருகி நாலு சுற்றுச் சுற்ற, இருமிக்கொண்டு எழும்பிவிடும். உமது பிக்கப் நவீனம். நேரம் காட்டும், சிகரெட் பற்றவைக்கும், ஆனால் கம்பி செருக மூக்கில் ஓட்டை இல்லை.

அயலில் எல்லோரும் வைத்தியர் ஆனார்கள். ரோச் பற்றறியைக் காயவைப்பது போல இதையும் வெயிலில் வைக்கச் சொன்னார்கள். கழற்ற ஸ்பனர் இல்லாதபடியால் பிக்கப்பையே வெயிலுக்கு உருட்டினோம். இளநீர் ஊற்றச் சொன்னார்கள். அந்த அநியாயத்தைத் தடுத்து இளநீரை நானே குடித்தேன். சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்கிறோமே, அதுபோல ஏழு சைக்கிளைக் கவிழ்த்து மிதித்து உயிர் கொடுக்கலாம் என்றார்கள். ஏழாவது ஆள் மயங்கி விழ, அவருக்கு உயிர் கொடுக்கவே பொழுது பட்டுவிட்டது. உமது கூட்டாளி றஹீம் இருந்திருந்தால் இந்தக் கூத்து ஒன்றும் இல்லை. “மாமா, முதல் வயரைப் பாருங்கோ, பிறகு வைத்தியத்தைப் பாருங்கோ” என்று எத்தனை தரம் சொல்லியிருப்பான். தொண்ணூறில் ஒரு பையோடு ஊரைவிட்டுப் போகச் சொல்லப்பட்ட முஸ்லிம் சனத்தோடு அவனும் போய் இப்போது புத்தளத்தில் இருக்கிறான். ஐந்துசந்தியில் அவனுடைய கராஜில் அவன் போட்ட பூட்டு அப்படியே தொங்குகிறது. அந்தப் பக்கம் போனால் எனக்குப் பகிடியும் சிரிப்பும் வருவதில்லை.

திங்கள் விடிந்ததும் செபமாலையிடம் ஓடினேன். கரையில் நின்று வலை இழுக்கிற ஆட்களுக்குத் தலைவர், கரைவலைச் சம்மாட்டி செபமாலையை மறந்திருக்கமாட்டீர். கடலுக்குப் போகத் தடை வந்த நாளிலிருந்து அவரும் அவருடைய இருபத்திரண்டு ஆட்களும் இழுக்க ஒன்றும் இல்லாமல் கை உளைந்துபோய் இருந்தவர்கள். “ஒருக்கால் தள்ளிவிடுங்கோ, செபமாலையண்ணை” என்றேன்.

“தள்ளுறதோ? நாங்கள் பிறந்ததிலை இருந்து ஒண்டையும் தள்ளினதில்லை. இழுப்பம்!” என்றார்.

முன் பம்பரில் இரண்டு கயிறு. இந்தப் பக்கம் பதினொருவர், அந்தப் பக்கம் பதினொருவர், நடுவில் செபமாலையின் ஏலேலோ. நான் இரண்டாம் கியரைப் போட்டுக் கிளச்சை மிதித்தபடி, வேகம் வந்ததும் கையை வெளியே நீட்டுவேன், அப்போது இன்னும் பலமாக இழுக்க வேண்டும் என்று சொல்லி வைத்தேன். இழுத்தார்கள் பாரும்! பனைகள் எல்லாம் பின்னாலே ஓடின. கையை நீட்டினேன். அதைக் கண்ட செபமாலை, கை காட்டினால் மடி என்ற நாற்பது வருசப் பழக்கத்தில், “மடி வந்திட்டுது!” என்று கத்திவிட்டார். மீன் நிறைந்த வலை மடி கரை சேர்ந்தால் கயிற்றை விட்டுவிட்டு ஓடிப்போய் மீனைப் பார்ப்பதுதானே வழக்கம்? இருபத்திரண்டு பேரும் கயிற்றை எறிந்துவிட்டுப் பின்னாலே ஓடிப்போய், பிக்கப்பின் பெட்டிக்குள்ளே எட்டிப் பார்த்தார்கள். ஒரு பழைய ரயர்ச் சில்லு கிடந்தது. பிக்கப் ஒரு விக்கல் விக்கிவிட்டு நின்றது.

இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை ஒருவர் கூடையோடு ஓடிவந்தார்.

மணி ஏழு. றோஸ் தலையில் பாதிப் பூவோடு வாசல் படலையடியில் வந்து நின்றாள். அழவில்லை. மோதிரத்தை விரலில் சுற்றிச் சுற்றிக்கொண்டு நின்றாள். அந்தக் கணத்தில்தான் உமது மாமனின் மூளையில் ஆயிரம் மின்னல் அடித்தது. ஓடிவருகிறவர்களை ஏன் மறிக்கவேணும்? ஓடி வரட்டும்! வந்த வேகத்திலேயே பின்பலகையில் கையை வைக்கட்டும்! நாலாம் முறை நானே ஜன்னலால் தலையை நீட்டி, “மடி வந்திட்டுது!” என்று கத்தினேன். இருபத்திரண்டு பேர், நாற்பத்து நாலு கை, பின்பலகையில் இடி விழுந்தது போல ஒரு மோதல். கிளச்சை விட்டேன். இரணைமடுக் குளம் உடைந்தது போல ஒரு இரைச்சல். பிக்கப் உயிர்த்தெழுந்தது! மண்ணெண்ணெயில் தேங்காயெண்ணெய் கலந்து ஊற்றியிருந்தபடியால் பருத்தித்துறை வரை இருபது மைலும் முறுக்குச் சுட்ட மணம். வழியில் எத்தனை பிள்ளைகள் பலகாரம் என்று நினைத்துத் துரத்தினார்கள் தெரியுமோ.

முனையில் வந்தது அடுத்த சோதனை. இஞ்சினை நிப்பாட்டினால் அங்கே எனக்குச் செபமாலை இல்லை. அக்சிலேற்றரில் காலை வைத்தபடியே, “சம்பந்தி, மாப்பிள்ளையை ஏத்துங்கோ, போவம்” என்றேன். கத்தரீனா இடுப்பில் கையை வைத்தா.

“வாசல்படி ஏறாத ஆளை நம்பி என்ரை பிள்ளையை எப்பிடி அனுப்புறது? இறங்கி வந்து ஒரு வாய் சாப்பிடாமல் வண்டில் இந்த ஒழுங்கையாலை போகாது.”

நான் செபஸ்தியாரை நினைத்தேன். அப்போது வெள்ளைச் சட்டையும் கழுத்து ரையுமாக நின்ற மாப்பிள்ளை, ஒரு வார்த்தை கேட்காமல் வந்து கதவைத் திறந்தான். “மாமா, நீங்கள் போய்ச் சாப்பிடுங்கோ. காலை நான் வைச்சிருக்கிறன்.” கலியாண நாளில், பிக்கப்புக்குக் காவல்! உள்ளே போய் ஐந்து வடை, இரண்டு மோதகம், சம்பந்தியின் பத்து வருசக் கவலை, எல்லாம் உட்கொண்டு திரும்பி வர, இஞ்சின் ராகம் பிசகாமல் பாடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் சட்டைக் கையில் மட்டும் ஒரு கறுப்புப் பொட்டு. “என்ன தம்பி?” என்றேன். “வேர்வை, மாமா” என்றான். கறுப்பு வேர்வையை நான் அன்றுதான் கண்டேன்.

பத்தேகாலுக்குக் கோயில் வாசல். மூன்றாம் மணியும் அடித்துவிட்டுச் சுவாமியார் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். தாலி ஏறியது. செபமாலையின் ஆட்கள் கோயிலுக்குள்ளேயே ஏலேலோ பாடப் பார்த்தார்கள், சுவாமியார்தான் கண்ணைக் காட்டி நிறுத்தினார். பன்னிரண்டாவது கோழி பந்தியில் பரலோகம் அடைந்தது. உமது அம்மா மூன்று வருசத்துக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தா. நான் நடத்திய கலியாணம், மருமகன்! நான் உயிர்ப்பித்த பிக்கப்!

புது மாப்பிள்ளையும் பெண்ணும் உமக்கு அன்பு சொல்லச் சொன்னார்கள். மாதா உம்மை அந்தக் குளிரில் கம்பளியாகப் போர்த்திக் காக்கட்டும். 

இப்படிக்கு,
இழுபட்டும் தளராத உமது மாமன்,
அருட்பிரகாசம்

பி.கு.: இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்கு முதல் றோஸ் வாசித்துப்போட்டாள். உண்மையை எழுதாவிட்டால் கொழும்புக்குப் போகிற ஆளிடம் கொடுக்கமாட்டாளாம். ஆனபடியால் எழுதுகிறேன். ஓடிவருகிறவர்களைத் தள்ளவிடச் சொன்ன மூளை என்னுடையது இல்லை, படலையடியில் நின்ற அவளுடையது. அடுத்தது, பின்னேரச் செய்தி கேட்க நான் நாளாந்தம் பற்றறியில் ரேடியோ வயரைக் கொளுவுவது வழக்கம். அப்படிக் கொளுவிக் கழற்றியதில் வயரை இறுக்குகிற ஒரு சுரை தொலைந்துபோக, பற்றறி வயரை வலை நூலால் கட்டி வைத்திருந்தேன். முனையில் நான் வடை தின்ற நேரம் சூசைதாசன் பொனற்றைத் திறந்து, அந்த நூலை அறுத்து, வேறு சுரை போட்டு வயரை ஒழுங்காக இறுக்கி, இஞ்சினை நிப்பாட்டி, திறப்பைத் திருப்பினானாம். ஒரே திருப்பில் ஸ்ராட். பற்றறி ஒருநாளும் சாகவில்லை. மாமனின் மானம் போகக்கூடாது என்று திரும்ப ஓடவிட்டு, வேர்வை என்று சொல்லிவிட்டு, சட்டை தோய்க்கும்போது றோஸிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். உமது தங்கச்சி எப்படிப்பட்டவனிடம் போயிருக்கிறாள் என்று இனி நீர் அங்கே யோசிக்கத் தேவையில்லை. றஹீமுக்கு எழுதினால், மாமா ஒத்துக்கொண்டார் என்று ஒரு வரி எழுதும். செபஸ்தியாருக்கு மெழுகுதிரி கொளுத்தி மன்னிப்புக் கேட்டுவிட்டேன். செபமாலைக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை. ஞாயிறு தவறாமல் பூசை முடிய, இருபத்திரண்டு பேரும் பிக்கப்பை இழுக்கக் கயிற்றோடு வருகிறார்கள். அவர்கள் வருவதற்கு முதல் நான் போய் வயரைக் கழற்றி வைத்துவிடுவேன்.