சாயிரா பானு இழுப்பறை வென்ற படலம்

பனியன் பஞ்சு பனியெனப் பொழியும் திருப்பூரில், காங்கேயம் ரோட்டுச் சந்தொன்றில், ஒற்றை ஓவர்லாக் இயந்திரத்தையே யானைப்படையாகக் கொண்டு அரசாளும் வளைக்கரத்து வீராங்கனை சாயிரா பானுவே, உன் கொற்றம் ஓங்குக! தையல் மேசையின் இழுப்பறையோடு நீ பொருத வெள்ளிக்கிழமைப் போரை உரைக்கையில் நா தளராதிருக்கட்டும்!

அன்று காலை அவ்விழுப்பறையின் அடிப்பலகை கழன்று, ஊசியும் கத்தரியும் நூல்கட்டையும் தரையில் சரிந்தன. ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்பட்ட கணவன் அக்பர் வாசலில் நின்று திருவாய் மலர்ந்தான்.

"அது ஆசாரி வேலை பானு. காசிமாயனை வரச் சொல்றேன். நீ கை வெச்சீன்னா டேபிளே வெறகாயிரும்."

"யாரும் வர வேண்டாங்க. நீங்க வாறதுக்குள்ள மாட்டி வெக்கிறேன்."

அவன் சிரித்தான். பகையற்ற அந்தச் சிரிப்பே அவளைச் சுட்டது. இன்று தோற்றால், பேரன் பேத்தி எடுத்த பிறகும் விருந்தாளிகளிடம் இதைச் சொல்லிச் சிரிப்பான்.

பக்கப் பலகைகளின் உட்புறம் நீளவாக்கில் வெட்டிய காடி என்னும் குறுங்கணவாய்க்குள் அடிப்பலகையைச் செலுத்தினாள். புலி கண்ட குதிரையாய் அது பாதியில் நின்றது. மழை ஈரத்தில் பருத்துவிட்டதெனத் தீர்ப்பளித்து, அதன் ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து மெலியவைத்தாள். மறுபடியும் நின்றது. சினந்தெழுந்து, கொண்டையூசியை உருவிக் காடிக்குள் பாய்ச்சினாள். அந்தோ! ஆண்டாண்டாய்க் குடியேறி இறுகிய பனியன் பஞ்சு, கோட்டை காத்த படையாய்ச் சுருள் சுருளாய் வெளிப்பட்டது. குற்றமற்ற பலகையையா இத்தனை நேரம் தண்டித்தோம்!

தடை நீங்கிய காடிக்குள் மெலிந்த பலகை கிழவன் பல்லாய் ஆடியது. அடுத்த வீட்டுச் செல்லாத்தாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க பானு, ஊட்டை இடிக்கிறீங்களா?"

"இல்லீங்கக்கா, கட்டிக்கிட்டிருக்கேன்."

சொன்ன கையோடு, கண்ணெதிரே குவிந்திருந்த பனியன் வெட்டுத்துணியில் ஒரு கீற்றைக் கிழித்துப் பலகையின் ஓரத்துக்குப் பட்டாடையாய்ப் போர்த்தி, அம்மிக்குழவி என்னும் வச்சிராயுதத்தால் தட்டினாள். காடி பலகையைக் கவ்விக்கொண்டது.

அக்பர் வந்தான். இழுத்தான், குலுக்கினான், கவிழ்த்துத் தட்டினான். குறை தேடி நான்கு மூலைக்கும் படையெடுத்த அவன் விரல்கள் வெறுங்கையராய்த் திரும்பின. அவள் புகழ்மாலைக்குக் காத்திருக்கவில்லை. அந்த விரல்கள் தோற்பதைக் கண்குளிரப் பார்த்தாள்.

"காசிமாயன் செஞ்சாப்பலயே இருக்கு."

"அவருக்குச் சந்தேகம் ஏதாச்சும் இருந்தா வந்து கேக்கச் சொல்லுங்க."

அறைக முரசு! ஊதுக சங்கு! மரமும் மணாளனும் ஒருங்கே பணிந்த மாபெரும் நண்பகல் வாழ்க!

உலை வைக்காததால் அக்பர் பரோட்டா வாங்கப் போனான்.