இடுப்பு வலி, அறுவை சிகிச்சை தவிர

மருத்துவக் கல்லூரி நூலகத்தைக் கட்டி ஆளும் என் மைத்துனி சின்னவளுக்கு, அன்பும் ஆசியும் அரைகுறைக் கோபமும் கலந்து அத்தான் எழுதுவது. இங்கு உன் அக்காவின் இடது இடுப்பு நீங்கலாக யாவரும் நலம். நீயும் நலமாக இருந்து, வாசகர்களை ‘உஷ்’ என்று அதட்டிக்கொண்டிருக்கிறாய் என நம்புகிறேன். மின்னஞ்சல் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் தாளில் எழுதுகிறார் என்று கேட்பாய். மின்னஞ்சல்தான் விவகாரமே.

மூன்று மாதத்துக்கு முன்னால் எலும்பு டாக்டர் உன் அக்காவின் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “மூட்டு தேஞ்சு போச்சும்மா, மாத்திடலாம்” என்று சைக்கிளுக்கு டயர் மாற்றுவதுபோலச் சொன்னார். அவளும் “சரி” என்றாள். நான்தான், “இருங்க, உலக ஆராய்ச்சி என்ன சொல்லுதுன்னு பார்க்கணும்” என்றேன். நீயாவது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாயா? ஆராய்ச்சித் தரவுத்தளத்தில் கணக்குத் தொடங்குவது எப்படி, தேடலைச் சேமித்து வைப்பது எப்படி, புதுக் கட்டுரை வந்தால் தானாக அலர்ட் வரும்படி செய்வது எப்படி என்று ஒன்றரை மணி நேரம் ஃபோனில் பாடம் நடத்தினாய். வேலியில் போன ஓணானை எடுத்து என் மடியில் விட்டவள் நீ. குத்துதே குடையுதே என்று நான் வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

இடுப்பு, வலி என்ற இரண்டுக்கும் நடுவில் ‘மற்றும்’ போடச் சொன்னாய். இரண்டில் ஒன்றாவது கிடைக்கட்டுமே என்ற பெருந்தன்மையில் நான் ‘அல்லது’ போட்டேன். மறுநாளிலிருந்து உலகத்தில் யாருக்கு எங்கே வலித்தாலும் எனக்குத் தகவல் வந்தது. அதைத் திருத்தினேன். திருத்தியவன் ‘மனிதர்கள் மட்டும்’ என்ற கட்டத்தில் டிக் போட மறந்தேன். நாய்களுக்கு இவ்வளவு இடுப்பு வலி இருக்கும் என்று யார் கண்டது? சாப்பாட்டைக் குறை, தினம் இருபது நிமிடம் மெதுவாக நடக்க வை, வழுக்கும் தரையில் விடாதே என்று கட்டுரை ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதன்படியே உன் அக்காவை ஒன்பது நாள் நடக்க வைத்தேன். பத்தாம் நாள் கடைசிப் பக்கத்துப் படத்தைப் பார்த்துவிட்டு, “அடுத்து என்ன, நான் குரைக்கணுமா?” என்றாள். சிரித்தாள்தான். ஆனால் அன்றைக்கும் வாசலில் இருக்கிற மூன்றே மூன்று படியைக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொன்றிலும் நின்று நின்றுதான் இறங்கினாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இதற்கு நடுவில், அலர்ட் எந்த முகவரிக்கு என்று தரவுத்தளம் கேட்டபோது எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே முகவரியைக் கொடுத்திருந்தேன். அது நான் செயலாளராக இருக்கும் குடியிருப்போர் சங்கத்தின் முகவரி. அதற்கு வருவதெல்லாம் நாற்பத்திரண்டு வீட்டுக்கும் தானாகவே போய்விடும். அப்படி அமைத்ததே நான்தான், ஆனாலும் மறந்து தொலைத்தேன். தண்ணீர்த் தொட்டி கழுவப் போகிறோம் என்று நான் அனுப்பினால் திறந்துகூடப் பார்க்காத ஜனங்கள், இப்போது லிஃப்டில் என்னை மடக்கி இடுப்பைக் காட்டுகிறார்கள். மூன்றாம் மாடிப் பல் டாக்டரம்மா அதோடு விடவில்லை. ஒவ்வொரு அலர்ட்டின் தலையிலும், எந்தத் தேடலுக்காக இது வந்தது என்று ஒரு வரி இருக்குமே, அதை அச்செடுத்து, சிவப்பில் கோடு போட்டு, நேரே உன் அக்கா கையில் கொடுத்துவிட்டார். அந்த வரி இது: இடுப்பு மற்றும் வலி, தவிர அறுவை சிகிச்சை.

ஆமாம் சின்னவளே. ‘தவிர’ என்ற கட்டளையை நாய்களைத் துரத்தத்தான் நீ சொல்லிக்கொடுத்தாய். நான் அதை வைத்து ஆபரேஷனையே துரத்திவிட்டு, இரண்டு மாதமாக அவளிடம், “பாரு, இத்தனை கட்டுரையில ஒண்ணுகூட ஆபரேஷன் பண்ணச் சொல்லல” என்று அடித்துப் பேசிக்கொண்டிருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததுமல்லாமல், அவளுக்கே பரிமாறவும் செய்தேன். அவள் தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். “முப்பத்தோரு வருஷம் எடை அளவு ஆய்வாளரா இருந்து ஊர்க்கடைத் தராசையெல்லாம் சோதிச்சீங்க. கடைசியில உங்க தட்டுல நீங்களே கட்டைவிரலை வச்சிட்டீங்களே” என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

உன்னிடம் சொல்வதற்கென்ன, எனக்குப் பயம். அவளைப் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு போவார்கள், அந்த இரட்டைக் கதவு மூடிக்கொள்ளும், அவளுடைய செருப்பையும் கண்ணாடியையும் மடியில் வைத்துக்கொண்டு நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். கல்யாணமான நாளாக, வருவாளோ மாட்டாளோ என்று நான் ஒரு வாசலில் காத்திருந்ததில்லை. காத்திருந்தபோதெல்லாம் அவள் புடவை மாற்றிக்கொண்டிருந்தாள், வருவாள் என்று தெரியும். இது அப்படியா?

ஆகவே நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். நூலகத்தின் தலைப்புத் தாளில், ‘ஆராய்ச்சிகளை எல்லாம் அலசியதில், இன்னும் ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கலாம்’ என்று அக்காவுக்கு இரண்டு வரி எழுது. நீ சொன்னால் கேட்பாள். நான் கேட்டதாக மட்டும் மூச்சு விடாதே. உன் புத்தகங்கள் ஒன்றுகூடத் தொலையாமல், இரவல் வாங்கியவர்கள் எல்லோரும் தேதி தவறாமல் திருப்பித் தந்து, நீ நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: உறையைத் தேடப் போன ஐந்து நிமிடத்தில் உன் அக்கா மேலே உள்ளதை முழுக்கப் படித்துவிட்டாள். படித்துவிட்டுத் தன் மின்னஞ்சலைத் திறந்து காட்டினாள். அடி கள்ளி! அவளுக்கும் நீ ஒரு தேடலைச் சேமித்துக் கொடுத்திருக்கிறாய்: ‘அறுவை சிகிச்சை மற்றும் நோயாளியின் கணவர் மற்றும் பயம்.’ வாரம் ஒருமுறை, மனிதர்கள் மட்டும், டிக் சரியாகப் போட்டிருக்கிறது. வந்தவை பதினொரு கட்டுரைகள். அந்த மனுஷனுக்கு ஏதாவது ஒரு வேலை கொடுத்து வையுங்கள் என்று பதினொன்றும் சொல்கின்றனவாம். அதனால்தான் என் அலர்ட்டுகளை இத்தனை நாள் விட்டுவைத்தாளாம். டாக்டர் சொன்ன அன்றைக்கே வரிசையில் பெயர் கொடுத்துவிட்டாளாம், காத்திருப்பே மூன்று மாதமாம். வரும் வியாழன் காலை ஏழு மணிக்கு ஆபரேஷன். ஆகவே நான் எழுதச் சொன்ன எதையும் எழுதாதே. புதன்கிழமையே புறப்பட்டு வா. செருப்பையும் கண்ணாடியையும் நான் பிடித்துக்கொள்கிறேன், நீ என்னைப் பிடித்துக்கொள்.