கல் ஆசானின் கைராசி

தான் தோற்றதற்குத் தன்னைத் தவிர உலகத்தில் எல்லாரையும் குற்றம் சொல்வதில் அரிசி அண்ணாச்சியை மிஞ்ச இனி ஒருவர் பிறந்துதான் வர வேண்டும்.

கோட்டாற்றில் அரிசிக்கடை. வயது அறுபதை நெருங்குகிறது. பெண் பார்க்கப் போனபோது, "பத்தாம் கிளாஸ் கணக்கு மட்டும் பாக்கி, அடுத்த வருசம் பாஸாயிருவேன்" என்று மாமனாருக்கு வாக்குக் கொடுத்துக் கல்யாணம் கட்டியவர். மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணாச்சி இன்னமும் தனித்தேர்வு எழுதிக்கொண்டிருந்தார்.

"எனக்கு எழுத்து தொடங்கி வச்ச ஆசானுக்குக் கைராசி கெடையாது மக்கா. அரிசியில வெரலப் பிடிச்சு 'அ' போடும்போதே தும்மிட்டாரு. அன்னைக்கே வெளங்காமப் போச்சு!"

அப்போதுதான் எங்கள் பக்கம் கல்வி வரலாற்றுக்கென்று ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். தேர்வுக்கு முந்தின வாரம் என்னையும் தன் மனைவியையும் ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார். அவர் மனைவி எனக்கு மதினி முறை.

ஓலைச்சுவடி, எழுத்தாணி, பழைய சிலேட்டு எதையும் அண்ணாச்சி திரும்பிப் பார்க்கவில்லை. மயிலாடிச் சிற்பிகள் கல்லில் செதுக்கிய ஓர் ஆசான், பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதவைக்கிற மாதிரி கை நீட்டி உட்கார்ந்திருந்தார். முன்னால் தாம்பாளத்தில் நிஜ அரிசி. அண்ணாச்சி தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் போய்ச் சம்மணமிட்டார்.

"மறுபடி மொதல்லேருந்து தொடங்கிருவோம். இவரு தும்ம மாட்டாருல்லா!"

அரிசியைத் தொட்டதும் முகம் சுளித்தார். "ரேசன் அரிசில்லா போட்டிருக்கானுவ! இதுல எழுதுனா எவன் பாஸாவான்?" மடியிலிருந்து நல்ல பச்சரிசிப் பொட்டலத்தை அவிழ்த்துக் கொட்டினார். கல் ஆசானின் பிடிக்குள் விரலை நுழைத்தார். அது குழந்தை விரலுக்கு அளவெடுத்த பிடி. போன விரல் திரும்பி வரவில்லை.

காவலாளி ஓடி வந்தார். "பெரியவரே, தொடக்கூடாதுன்னு எழுதிப் போட்டிருக்குல்லா? வாசிக்கத் தெரியாதா?"

"அதுக்குத்தான ஐயா வந்திருக்கேன்!"

"மானத்த வாங்கிட்டியளே!" மதினி கயிற்றைத் தாண்டி வந்து தன் தலையெண்ணெயை வழித்துத் தடவி, விரலை உருவி எடுத்தார். விரல் சிவந்து வீங்கியிருந்தது. அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒங்கப்பா சாகுற வர 'பாஸாயிட்டியா'ன்னு ஒரு வார்த்த கேக்கலட்டி. கேட்டு ஏசிருந்தாலாவது இந்தப் பரீட்சைய நான் விட்டிருப்பேன்."

மதினியும் அவர் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். "நான் பத்து பாஸானவதான? கையத் தாருங்க." அத்தனை பேர் பார்க்க, வீங்கிய விரலைப் பிடித்து, பச்சரிசியில் நிதானமாக 'அ' எழுதினார். காவலாளி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அந்த வருடமும் கணக்கு போய்விட்டது. கேள்வித்தாள் சரியில்லை, ஃபேன் சரியில்லை, முன்பெஞ்சுக்காரன் இருமினான் என்று கோட்டாறு முழுக்கச் சொல்லித் திரிந்தார். கைராசியைப் பற்றி மட்டும் அதன்பிறகு அண்ணாச்சி வாயே திறக்கவில்லை.