மாமனார் பெயரில் ஒரு திருத்தம்

"மூணாவதும் போச்சா?" என்று எசென்பாய் கேட்டார்.

போய்விட்டது. தொலோகன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஆளுங்கட்சித் தலைவர் எசென்பாயின் அறையில் கம்பளம் மட்டும் நன்றாக இருக்கும். இந்த வருஷத்தில் அதன் பூக்கள் தொலோகனுக்கு மனப்பாடம் ஆகியிருந்தன.

பேரவைக்கு வரும் சட்டங்களுக்கு வாசகம் எழுதுவது தொலோகனின் வேலை. உச்ச நீதிமன்றத்தை அடக்க அரசியல் சாசனத்தில் ஒரு திருத்தம் எழுதிக் கொடு என்று கட்சி கேட்டது. கேட்டதில் நியாயமும் இருந்தது. நீதிமன்றத்தின் ஒன்பது பேரும் பழைய ஜனாதிபதி உட்கார வைத்த ஆட்கள். யார் தேர்தலில் நிற்கலாம், யார் மந்திரியாகலாம், எந்தத் தெருவில் விளக்குக் கம்பம் நடலாம் என்பது வரைக்கும் அவர்களே முடிவு செய்தார்கள். தராசு எப்போதும் ஒரே பக்கம்தான் சாய்ந்தது.

முதல் திருத்தத்தில், மூன்றில் இரண்டு பங்கு நீதிபதிகள் சேர்ந்தால்தான் தீர்ப்பு செல்லும் என்று தொலோகன் எழுதினார். அந்தத் திருத்தம் செல்லாது என்று மூன்றில் இரண்டு பங்கு நீதிபதிகள் சேர்ந்து தீர்ப்புச் சொன்னார்கள். இரண்டாவதில், சாசனத் திருத்தங்களை நீதிமன்றம் விசாரிக்கவே கூடாது என்றார். கூடுமா கூடாதா என்பது விசாரித்தால்தானே தெரியும் என்று சொல்லி, விசாரித்து, அதையும் தூக்கி எறிந்தார்கள். மூன்றாவதில் ஒன்பது நாற்காலியைப் பதினைந்தாக்கி, புதிதாக ஆறு பேரை அனுப்பி வைத்தார். நீதிமன்றத்து நாற்காலிகளை எண்ணும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு என்று இன்று காலை தீர்ப்பு. புது ஆறு பேரும் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

கோபம் வர வேண்டிய இடத்தில் தொலோகனுக்குப் பிரமிப்புதான் வந்தது. அவர் வேலி போடக் கம்பி கட்டினால், அவர்கள் அந்தக் கம்பியிலேயே துணி காயப் போட்டார்கள்!

"நாலாவதும் போச்சுன்னா நீ சாரி-பெல் கணவாய்க்குக் கிளம்பு. சுங்கச் சாவடியில எழுத்தர் வேலை காலியா இருக்காம்."

"அண்ணே, வீட்டுக்காரிக்கு ஆஸ்துமாண்ணே. அந்த உசரத்துல அவளால மூச்சு விட முடியாது."

"அப்ப அவ இங்கயே மூச்சு விடற மாதிரி எழுது."

வீட்டில் ஜானில் லக்மன் நூடுல்ஸை இழுத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் மாவை அப்படியே பலகையில் போட்டாள்.

"கணவாயா? போன தடவை அங்க போனப்ப ஒரு மணி நேரம் நீலமாக் கெடந்தேனே, மறந்துபோச்சா? ஒழுங்கா ஒரு வரி எழுத வராதா உங்களுக்கு?"

"வரி நல்லாத்தான் இருக்கு ஜானில். ஆனா அந்தம்மா இருக்காங்களே, தலைமை நீதிபதி சைராகுல்... அவங்க வாசிச்சா என் வரியே எனக்கு எதிரா சாட்சி சொல்லுது!"

"ரொம்பத்தான் மெச்சிக்கறீங்க. அவங்களையே கட்டிக்கறதுதானே?"

அந்தச் சனிக்கிழமை ஒரு கல்யாண விருந்து. பந்தியில் தொலோகனுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தது யார் என்று பார்த்தால், சாட்சாத் சைராகுல். மாப்பிள்ளை வகையில் உறவாம். கூடவே கணவர் சதார். தொலோகனுக்குக் கையில் இருந்த ரொட்டி நழுவியது. சிறிய உருவம், தலையில் வெள்ளை முக்காடு. குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அவர் கிண்ணத்தை எடுத்தால் பந்தியே பேச்சை நிறுத்தியது.

"அந்த மூணையும் எழுதினது நீங்கதானா?" என்றார் சைராகுல். "ரசிச்சுப் படிச்சேன்."

தொலோகனுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

பெண் வீட்டுப் பாட்டியம்மாள் ஒருத்தி, நம் ஊர் வழக்கப்படி வம்சம் விசாரிக்க ஆரம்பித்தாள். "நீ யாரு வீட்டு மருமக தாயி? மாமனார் பேரு என்ன?"

சைராகுல் முக்காட்டை நெற்றிக்கு இழுத்துக்கொண்டார். "அவரு பேரு என் வாயில வராதுங்கம்மா. தலையே போனாலும் வராது. அவரு பிள்ளையையே கேளுங்க." சொல்லிவிட்டு, ஏனோ தொலோகனை ஒரு கணம் பார்த்தார்.

வாய் நிறைய ஆட்டுக்கறியோடு இருந்த சதார் மனைவியை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மெதுவாக விழுங்கினார். "பெய்ஷென்பாய். கிடா வளர்த்தவரு" என்றார்.

திரும்பும்போது மினிபஸ்ஸில் தொலோகன் திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஜானில், நீ எங்கப்பா பேரை எப்பவாவது சொல்லியிருக்கியா?"

தகாத பேச்சைக் கேட்டால் நம் ஊர்ப் பெண்கள் செய்வதுபோல், ஜானில் பதறிப்போய்த் தன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள். "என்ன பேச்சு இது! நல்ல வீட்டு மருமக மாமனார் பேரைச் சொல்லுவாளா? அதே பேரு வச்ச தர்பூசணிக்காரரைக்கூட நான் 'ஏங்க'ன்னுதானே கூப்பிடறேன்?"

"சொல்லித்தான் ஆகணும்னா?"

"நாக்கு எழும்பாதுங்க."

தொலோகன் ஓடுகிற வண்டியில் எழுந்து நின்று கூரையில் தலையை இடித்துக்கொண்டார்.

நம் அரசியல் சாசனத்தில் ஒரு பழைய பிரிவு உண்டு. தீர்ப்பை எழுதுவது நீதிபதிகளில் பெரும்பான்மையோர். ஆனால் தலைமை நீதிபதி எழுந்து நின்று, சட்டத்தின் முழுப் பெயரோடு, தன் வாயால் வாசித்தால்தான் அது தீர்ப்பு. வேறு யாரும் வாசிக்க முடியாது. வாசிக்காத தீர்ப்பு வெறும் காகிதம்.

திங்கட்கிழமை எசென்பாய் மேஜை மேல் விரித்த காகிதத்தைப் படித்தார். 'மறைந்த கிடா வளர்ப்பாளர் பெய்ஷென்பாய் நினைவு அரசியல் சாசனத் திருத்தம்.' விஷயம் புரிந்ததும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"அடப்பாவி! உன்னைப் போய்ச் சுங்கச் சாவடிக்கு அனுப்பப் பார்த்தேனே!"

திருத்தத்தின் உள்ளே தொலோகன் யோக்கியமாகத்தான் எழுதியிருந்தார். நீதிமன்றம் சட்டங்களைச் சாசனத்தோடு வைத்து எடை போடலாம். வேட்பாளரையும் மந்திரியையும் பொறுக்கக் கூடாது. பத்து வருஷம் ஆன நீதிபதி வீட்டுக்குப் போக வேண்டும், தலைமை நீதிபதி உட்பட. சைராகுலுக்கு அடுத்த வசந்தத்தோடு பத்து முடிகிறது.

பேரவையில் ஒருவர்கூடப் பெய்ஷென்பாய் யார் என்று கேட்கவில்லை. எல்லாருக்கும் அவரைத் தெரிந்திருந்தது. தெற்கு மாவட்ட உறுப்பினர் ஒருவர், அந்த மகானின் மடியில் வளர்ந்தவன் நான் என்று விம்மினார். திருத்தம் நிறைவேறியது.

தீர்ப்பு நாளன்று நீதிமன்றத்தில் உட்கார இடமில்லை. சைராகுல் எழுந்தார். "ஆறு நீதிபதிகளின் பெரும்பான்மைத் தீர்ப்பு" என்று தொடங்கினார். "கீழ்க்காணும் திருத்தம் செல்லாது. அதாவது, மறைந்த கிடா வளர்ப்பாளர்..."

நின்றார். தண்ணீர் குடித்தார். மறுபடி ஆரம்பித்தார். அதே இடத்தில் மறுபடி நின்றார்.

பக்கத்து நீதிபதி பல்லைக் கடித்தார். "படிங்கம்மா! ஆறு பேரு கையெழுத்துப் போட்டாச்சு."

சைராகுல் முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். "மன்னிக்கணும். வரலை" என்றார். காகிதத்தை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

தொலோகனுக்கு உடம்பு சிலிர்த்தது. தன் நாற்காலிகளைத் தானே எண்ணிக்கொண்ட நீதிமன்றம், மண்ணுக்குள் போய்விட்ட ஒரு கிடாக்காரரின் பெயருக்கு முன்னால் வாயடைத்துப் போய்விட்டதே! ஜெயித்த சந்தோஷத்தைவிட, ஒரு பெரிய மனுஷியைச் சந்தியில் நிறுத்திவிட்டோமே என்ற கூச்சம்தான் அவருக்கு அதிகமாக இருந்தது.

அந்த வாரமே பத்து வருஷம் தாண்டிய நீதிபதிகள் நாலு பேர் வீட்டுக்குப் போனார்கள். தொலோகனுக்கு ஜரிகை அங்கி போர்த்தி, வெள்ளைக் கம்பளித் தொப்பி வைத்தார்கள். ஜானில் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

இலையுதிர் காலம் வந்தது. பேரவையின் ஆயுளும் முடியப் போனது. எசென்பாய் மறுபடி கூப்பிட்டனுப்பினார்.

"இன்னொண்ணு எழுது. இந்தப் பேரவை இன்னும் பத்து வருஷம் இருக்கும்னு. பேரு, இரண்டாம் பெய்ஷென்பாய் திருத்தம்."

"அப்ப தேர்தல்ண்ணே?"

"எதுக்கு? அதான் மாமனார் இருக்காரே! யாரு கேப்பா?"

"அண்ணே, இது அநியாயம்ண்ணே. நான் அதுக்காக அந்தப் பேரைக் கண்டுபிடிக்கலை."

"கணவாயில இப்பவே பனி விழ ஆரம்பிச்சாச்சாம்."

தொலோகன் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து சொன்னபோது ஜானில் திட்டவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"எனக்காகவா எழுதினீங்க?"

"ம்."

"ஊருக்கே மூச்சை அடைச்சிட்டு, நான் மட்டும் விட்டு என்னங்க பண்ணப் போறேன்?"

தீர்ப்பு நாளும் பேரவையின் கடைசி நாளும் ஒன்றாக வந்தன. எசென்பாய் முன் வரிசையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து, சூரியகாந்தி விதை கொறித்தார். தொலோகன் கடைசி வரிசையில் ஒடுங்கினார். அவர் மனசின் ஒரு பாதி ஒன்றை வேண்டிக்கொண்டது, மறுபாதி இன்னொன்றை. வாசித்துவிட்டால் ஜானிலுக்குக் கணவாய். வாசிக்காவிட்டால் நாட்டுக்கு எசென்பாய், பத்து வருஷம்.

சைராகுல் எழுந்தார். முக்காட்டைப் பின்னால் தள்ளிவிட்டார்.

"கீழ்க்காணும் திருத்தம் செல்லாது. அதாவது, மறைந்த கிடா வளர்ப்பாளர் பெய்ஷென்பாய் நினைவு..."

சூரியகாந்தி விதை கீழே கொட்டியது. பின் வரிசைப் பெண்கள் காலரைப் பிடித்துக்கொண்டார்கள்.

"பெய்ஷென்பாய்" என்று சைராகுல் இன்னொரு முறை, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னார். "அவரு பேரால மக்கள்கிட்டேருந்து ஓட்டைப் பறிக்க முடியாது."

தொலோகனுக்குக் கண் கலங்கியது. எழுந்து நின்று கும்பிடலாம் போல இருந்தது. நாட்டுக்காக ஒரு மருமகள் தன் மானத்தையே தூக்கிக் கொடுத்துவிட்டாளே!

வாசலில் எசென்பாய் வழி மறித்தார். முகம் பீட்ரூட் நிறம். "நீ மூட்டையைக் கட்டு! நாளைக்கே கணவாய்!"

தொலோகனுக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது.

"பேரவையோட ஆயுள் இன்னியோட முடியுதே அண்ணே. உத்தரவுல கையெழுத்து யாரு போடறது?"

எசென்பாய், ஓட்டுக் கேட்கப் போக வண்டி எங்கே என்று டிரைவரைப் பார்த்துக் கத்திக்கொண்டே போனார்.

தாழ்வார பெஞ்சில் மனைவியின் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு சதார் உட்கார்ந்திருந்தார். தொலோகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னை மன்னிச்சிடுங்கண்ணே. என்னாலதான் அக்கா ஊரே பாக்க மாமனார் பேரைச் சொல்ல வேண்டியதாப் போச்சு."

சதார் சிரித்தார். "அட நீங்க வேற தம்பி! கல்யாணமான மறுநாள்லேருந்து 'பெய்ஷென்பாய், டீ ஆறுது வாங்க'ன்னு பேரு சொல்லித்தான் எங்கப்பாவைக் கூப்பிட்டா. அந்தப் பேரு அவ வாயில வராமப் போனது, உங்களுக்கு எதிர்ல உட்கார்ந்த அந்தக் கல்யாணப் பந்தியிலயும், ஆறு பேரு கையெழுத்துப் போட்ட அன்னிக்கும் மட்டும்தான்."