பள்ளிவாசலடியில் பால்தேத்தண்ணி

விரதம் பிடிக்கிறவனுக்கு ஒரு கர்வம் உண்டு. ஊரில் உள்ள எல்லா விரதமும் தனக்குத் தெரியும் என்று நினைப்பான். நானும் நினைத்தேன். (படித்தது எட்டாம் வகுப்பு. அதையும் ஒரு சாட்டாகச் சொல்லி வைக்கிறேன்.)

நஸீர் மன்னார்க்காரன். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நோர்பரியில் ஒரு பெற்றோல் நிலையத்தில் பதினைந்து வருஷம் என்னோடு ஒரே ஷிப்டில் நின்றவன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் உதைபந்தாட்ட அணியின் கோல் காப்பாளன். போன மார்கழியில் நெஞ்சுவலியில் போய்விட்டான். அவன் பெயரில் ஒரு போட்டி நடத்த வேண்டும் என்று அணியில் எல்லோருக்கும் ஆசை. நோன்பு மாதம் முடியுமுன் பணம் கட்டாவிட்டால் மைதானம் வேறு ஆட்களுக்குப் போய்விடும்.

"நோன்பில சனம் தாராளமாக் குடுக்கும் அண்ணை," என்றார் அவன் மனைவி ரிஸானா. முதல் வெள்ளிக்கிழமை பள்ளிவாசலடியில் வாளியோடு நின்று காசு சேர்ப்பது என் பொறுப்பு.

வெறும் வாளியை நீட்ட எனக்கு மனம் வரவில்லை. ஏலக்காய் போட்டு ஒரு பெரிய பானை பால்தேத்தண்ணி, இரண்டு பெட்டி வாழைப்பழம் ஆயத்தமாயின.

"இஞ்சருங்கோ, அவையள் நோன்பெல்லோ? ஆரிட்டையும் கேட்டனீங்களோ?" என்றாள் மனைவி.

"எனக்கே விரதம் சொல்லித் தாறாய்? முப்பது வருஷமாக் கந்தசஷ்டி பிடிக்கிறன். பால், பழம் ஆகும்!"

மத்தியானத் தொழுகை முடிந்து சனம் வெளியே வந்தது. நான் வாளியில் நஸீரின் படத்தை ஒட்டி, கப்போடு பின்னால் ஓடினேன். "ஐயா, நோன்புக்கு ஆகும்! முட்டை இல்லை, வெங்காயம் இல்லை!" (தேத்தண்ணிக்குள் யார் வெங்காயம் போடுவார்?)

ஒரு பெரியவர் நின்றார். "தம்பி, தண்ணியும் குடிக்கக் கூடாது."

"தண்ணியுமோ?"

"எச்சில் விழுங்கலாம். அதை வித்துப்போடாதேங்கோ."

அந்த நேரம் பார்த்து ரிஸானா வந்துவிட்டார். மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவன் போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரிப்பு அப்படியே அழுகையானது.

"அண்ணை, நோன்பு நாளிலயும் பதினொரு மணிக்கு அவருக்குத் தேத்தண்ணி குடுத்தனீங்கள்தானே?"

கொடுத்தேன். ஒரு நாளும் தவறவிட்டதில்லை. "வை மச்சான், பிறகு குடிக்கிறன்," என்பான்.

"பிளாஸ்க்கில ஊத்திக் கொண்டு வருவார். நோன்பு திறந்து பேரீச்சம்பழம் தின்ற கையோட அதைத்தான் குடிப்பார். 'சொன்னா அவன் மனம் நோவான்' எண்டுவார்."

பானையை மூடினேன். பொழுதுபட்டதும் அதே தேத்தண்ணியைச் சுடவைத்து அதே வாசலில் கொடுத்தோம். அந்தப் பெரியவர் இரண்டு கப் குடித்தார். வாளி நிறைந்தது, மைதானமும் கிடைத்தது. முருகனும் அல்லாஹ்வும் சேர்ந்துதான் என்னை மன்னித்திருக்க வேண்டும்.

இப்போது வீட்டில் நான் விரதம் என்றால் போதும், மகள் கண்ணாடிக் குவளையைத் தூக்கிக் காட்டுவாள்: "தண்ணியுமோ அப்பா?" எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பதினைந்து வருஷத்தில் நஸீரிடம் நான் ஒரு தரமாவது கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.