எல்மர் போட்ட கோபக் கடுதாசி

அன்னிக்குக் காலையில எல்மர் பல்மாரெஸ் சோத்துத் தட்டைத் தள்ளி வெச்சுட்டு எழுந்து நின்னான். "பொறுத்தது போதும் பெர்லிதா! இந்த நாட்டு அரசாங்கமா, நானான்னு இன்னிக்குப் பாத்துடறேன்."

பொண்டாட்டி பெர்லிதா முட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டே கேட்டா: "இன்னும் கொஞ்சம் பூண்டுச் சோறு வைக்கவா? சண்டைக்குத் தெம்பு வேணுமில்ல."

கோபம் வராதா பின்ன? கனடாவுல, வின்னிபெக் பனியில நாலு வருஷமா பன்னிக்கறி ஆலையில எலும்பு வெட்டறான். இங்கேயே நிரந்தரமாத் தங்க பி.ஆர். கேட்டு மனுப் போட்டு இருபத்தாறு மாசம். வொர்க் பெர்மிட் தேதி முடிஞ்சு எட்டு மாசம். புதுசு வர்ற வரைக்கும் வேலை பாக்கலாம்னு ஒரு துண்டுக் காகிதம் இருக்கு. அதையும் ஃபோர்மன் வாராவாரம் வாங்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்கறான், கள்ள நோட்டு மாதிரி. எட்டு வயசுப் பொண்ணு ஜோவி சொந்த ஊர் இலோயிலோவுல அத்தை வீட்டுல வளருது. பி.ஆர். வந்தாத்தான் அதைக் கூட்டிட்டு வர முடியும். கம்ப்யூட்டரைத் திறந்தா ஒரே வரி: "பரிசீலனையில் உள்ளது." இருபத்தாறு மாசமா என்னத்தைப் பரிசீலிக்கறானுங்க? எல்மர் கல்யாணத்துக்கே அவ்வளவு பரிசீலிக்கலையே!

மூணாவது மாடி லூர்திட்டா கதை இன்னும் மோசம். மனுப் போட்டப்ப ஒல்லி உடம்பு, சுருட்டை முடி. அவ ஃபைலைத் திறக்கறதுக்குள்ள ரெண்டு புள்ளை பெத்து, முடிய வெட்டி, மூக்குக் கண்ணாடியும் போட்டுட்டா. போட்டோவுல இருக்கறது நீங்கதானான்னு கேட்டு எழுதினானுங்க. "நீங்க பாத்திருக்க வேண்டிய அன்னிக்கு நான்தான்"னு பதில் போட்டா. நல்லாக் கேட்டா! சரி, எல்மருக்கு வருவோம்.

அவன் ஃபைல் எங்க சிக்கிச்சுன்னு பெர்லிதாவுக்குத் தெரியும். அவங்க பிலிப்பீன்ஸ்ல நடுப்பேருன்னா அம்மா பொறந்த வீட்டுப் பேரு. இந்த ஊர்ப் பாரத்துல அதுக்குக் கட்டமே கிடையாது. இவன் அதைக் கொண்டுபோய்க் குடும்பப் பேரோட ஒட்டிட்டான். பெர்மிட்ல அப்படி இல்ல. ஆக, கம்ப்யூட்டருக்கு ரெண்டு எல்மர்.

"திருத்திக் குடுங்கன்னு அன்னிக்கே சொன்னேனே?"

"சுமகாய்சாய் எங்கம்மா பேருடி! அதை அழிக்கறதா? கட்டம் பத்தலைன்னா அவனைப் புதுசா ஒண்ணு போடச் சொல்லு!"

"அப்ப ரெண்டு எல்மரும் காத்துக் கிடங்க. எனக்கு ஒருத்தனைச் சமாளிக்கவே நேரம் போதல."

எல்மர் நாலு பக்கத்துக்குக் கடுதாசி எழுதினான். "மனசாட்சி இல்லாதவர்களே"ன்னு ஆரம்பம். அதுக்கப்புறம்தான் காரம். அனுப்பிட்டு அந்த ஆபீசுக்கு போனும் போட்டான். ரெண்டு மணி நேரம் பாட்டு மட்டும் ஓடுச்சு. அந்த நேரம் பெர்லிதா ஒரு கத்தைக் காகிதத்தோட வந்து நின்னா.

"இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

"என்னது?"

"நான் பாக்கற முதியோர் இல்லத்து வேலைய வெச்சு என் பேர்ல தனியா மனுப் போடறேன். உங்களையும் சேத்துக்கறேன்."

"ஸ்ஸ்! பாட்டு நின்னுடுச்சு, ஆளு வர்றான்!"

ஒன்பது பக்கம், ஒன்பது கையெழுத்து. ஆளும் வரல, லைனும் அறுந்துபோச்சு. எல்மர் போனைத் திட்டினான், பனியைத் திட்டினான், பாட்டுப் போட்டவனோட பரம்பரையைத் திட்டினான். காகிதத்தை மட்டும் பாக்கல.

ஏழு மாசம் கழிச்சு பெர்லிதா சொன்னா: "வியாழக்கிழமை நமக்கு பி.ஆர். மெடிக்கல் டெஸ்ட்."

எல்மர் எகிறிக் குதிச்சான். "பாத்தியா? கடுதாசியைப் படிச்சு நடுங்கிட்டானுங்க!"

"அது வந்துங்க, என் மனு..."

"பேசாதே! என் கோபத்தோட அருமை இப்பவாவது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. சட்டையை மாத்துங்க, டாக்டர் மயங்கிடுவாரு."

ஆலையில எல்மர் குருவாயிட்டான். அதிகாரியை எப்படித் திட்டணும்னு சாப்பாட்டு நேரத்துல பாடம். பதினோரு பேர் கடுதாசியை நகல் எடுத்துட்டுப் போனாங்க.

பி.ஆர். வந்துடுச்சுன்னு பெர்லிதா சொன்ன அன்னிக்கே வீட்டுல விருந்து. பான்சித் நூடுல்ஸ் ஒரு அண்டா, பொரிச்ச லும்பியா ரோல் மலையா குவிஞ்சு கிடந்துச்சு. ஜோவியும் இலோயிலோவுல இருந்து வீடியோவுல வந்துட்டா. அவளோட ஞானத்தகப்பன் போனி கையில பி.ஆர். காகிதத்தைக் குடுத்து, எல்மர் அவனை நாற்காலி மேல ஏத்தினான். "சத்தமாப் படி கும்பாரே! எல்லாரும் கேக்கட்டும்!"

போனி தொண்டையைச் செருமிக்கிட்டான். "முதன்மை மனுதாரர்: பெர்லிதா பல்மாரெஸ். அவரைச் சார்ந்தவர்கள் இரண்டு பேர். ஜோவி, வயது ஒன்பது. எல்மர்..." அவன் குரல் இறங்கிடுச்சு. "வயது நாற்பத்தொன்று."

கடிச்ச லும்பியாவோட எல்லாரும் எல்மரைத் திரும்பிப் பாத்தாங்க.

"என் கடுதாசி?" எல்மர் உறுமினான்.

"அதுக்கும் பதில் வந்திருக்கு," பெர்லிதா மெதுவாச் சொன்னா. "உங்ககூட இருக்கற இன்னொரு எல்மர் யாருன்னு விளக்கம் கேட்டிருக்காங்க."

"என்னைக் கேக்காம எப்படிச் சேத்தே?"

"கேட்டேன். ஒன்பது தடவை சம்மதிச்சீங்க."

"குடும்பத் தலைவன் நான்டி!"

"அதுக்கும் பாரத்துல கட்டம் இல்லைங்க."

எல்மருக்கு மூஞ்சி செவந்துபோச்சு. வாயைத் திறந்தான். அதுக்குள்ள போன்ல இருந்து ஜோவி கத்தினா:

"அப்பா, கொஞ்சம் சும்மா இருங்க! அம்மாவுக்குக் கோபம் வந்து நம்ம ரெண்டு பேரையும் விட்டுட்டா என்ன பண்றது?"